மகளின் உளறலைக் கும்பிட்டேன்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. இவளெல்லாம் எழுத வந்துவிட்டாளா என்று நினைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் மில்லர்புரத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கும் வந்தது. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. கையிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. அம்மை என்று முடிவு கட்டினேன். அம்மை என்றால் நீர் கோத்த கொப்புளம் வர வேண்டும். ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்தும், நாளைக்கு வரும் என்று இருந்துவிட்டேன். வாசலில் வேப்பிலை செருகி, மாத்திரையை நிறுத்தினேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். "ஏளா, ஒரு எட்டு ஆஸ்பத்திரில காட்டிருவோமா?" என்றார்.

"அம்மை கண்ட பிள்ளைக்கு ஊசி போடக் கூடாது. கிரேன் ஓட்டுதவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"நீ எந்தக் காலேஜுல டாக்டருக்குப் படிச்ச?" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போனார்.

அன்று மத்தியானம் அவள் உளற ஆரம்பித்தாள். "கதவத் தொறங்க, கப்பல் வெளிய நிக்குது" என்றாள். என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றாள். அம்மன் இறங்கிவிட்டாள் என்று நினைத்தேன். சூடம் ஏற்றி, பெற்ற பிள்ளையின் காலில் விழுந்து, "தாயே, என்ன குறை வச்சேன்?" என்று கேட்டேன். அவள் தன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு தூங்கினாள். மத்தியானம் அம்மன் இறங்கி மலையேறிவிட்டாள் என்று, வேலை முடிந்து வந்த அவரிடம் சொன்னேன். அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பத்து மணிக்கு அவள் கை கால் வெட்டி இழுத்தது. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புள்ளிகளை அழுத்திப் பார்த்தார். "இது அம்மை இல்லம்மா, டெங்கு. காய்ச்சல் விடுத நேரந்தான் ஆபத்து. மூளையையும் பாதிச்சிருக்கு. எப்போ இருந்து உளறுதா?"

"இன்னைக்குக் காலைல இருந்து" என்றேன்.

பொய். அந்த இடத்திலும் எனக்கு வெட்கம்தான் முன்னால் வந்தது. என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து மத்தியானத்துல இருந்து, டாக்டர்" என்றார். டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் பதினொரு மணிக்குக் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். இரண்டு கரண்டி கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். பெயரைக் கேட்டார்கள், சொன்னாள். எந்த வகுப்பு என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.