சீனத் தேயிலை ஏலம்

காலை ஆறரை. திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் உவரி பஸ் ஏறும்போது எனக்கு இருந்த ஒரே ஆசை, கடற்கரைக் கிறிஸ்தவக் கோயில் ஏலத்தை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான். டிக்கெட் அறுபத்தைந்து ரூபாய். நாங்குநேரி தாண்டியதும் காற்றாலைகள், பிறகு பனங்காடு, பிறகு உப்புக் காற்று. உவரியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் இன்னும் நான்கு கிலோமீட்டர், இருபது ரூபாய்.

"நல்ல நாளாப் பாத்து வந்திருக்கீய. இன்னைக்குப் புதுச் சாமான் ஒண்ணு ஏலத்துக்கு வருதாம்" என்றார் ஆட்டோக்காரர்.

இந்த ஊரில் கடலில் எது கிடைத்தாலும், மீனோ மரக்கட்டையோ, ஒரு பங்கு கோயிலுக்கு. முந்தின நாள் சூசை என்ற மீனவரின் வலையில் ஒரு மூட்டை சிக்கியிருக்கிறது. உள்ளே, தங்க நிறத் தாளில் சீன எழுத்துப் போட்ட தேயிலைப் பொட்டலங்கள். இரண்டைக் கோயிலில் சேர்த்துவிட்டு மீதியை வீட்டில் வைத்திருந்தார்.

ஞாயிறு பூசை முடிந்ததும், பாதிரியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மைக்கைப் பிடித்தார். கோபுரத்து ஸ்பீக்கர் ஊர் முழுக்க முழங்கியது. முதலில் ஒரு பெரிய சீலா மீன் போனது. தேயிலை வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீ என்றால் நான் பைத்தியம். சீனாவிலிருந்து கடல் வழியாக வந்ததை விடுவேனா? நானூற்றைம்பது வரை ஏற்றிவிட்டேன்.

"விடாதீய அண்ணாச்சி" என்று சூசையே உசுப்பிவிட்டார்.

"நானூத்தம்பது ஒரு தரம். நானூத்தம்பது ரெண்டு தரம்."

அப்போது கடலோரப் போலீஸ் ஜீப் புழுதி பறக்க வந்து நின்றது. இறங்கிய பெண் சப்-இன்ஸ்பெக்டர் நேராகப் போய் மைக்கை அணைத்தார். பொட்டலத்தைக் கீறி, உள்ளிருந்த வெள்ளைத் துகளை ஒரு குப்பியில் போட்டு ஆட்டினார். குப்பியிலிருந்த திரவத்தின் நிறம் மாறியது.

"இது தேயிலை இல்ல, போதை மருந்து. அயல்நாட்டுக் கடற்படை துரத்துனதுல கடத்தல்காரங்க மூட்டைகளைக் கடல்ல வீசிட்டாங்க. எல்லாக் கரைக்கும் டெல்லியில இருந்து தகவல் வந்திருக்கு. மீதி எங்க?"

"வீட்ல மேடம். நல்ல தேயிலை, போட்டு வையின்னு அவகிட்ட சொல்லிட்டு வந்தேனே" என்ற சூசை ஓடத் தொடங்கினார்.

"ஒரு கரண்டி ஆளையே முடிச்சிடும்" என்று சப்-இன்ஸ்பெக்டரும் பின்னால் ஓடினார். எனக்கு மட்டும் நிற்க முடியுமா? செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மணலில் ஓடினேன்.

வீட்டில் அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் டம்ளர்கள், சீனி டப்பா. சூசையின் மனைவி செல்வி ஒரு பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, போட்டுக் குடிச்சியா?" என்று சூசை அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எப்படிக் குடிக்க? கோயில் பங்கு ஏலம் போகாம வீட்டுப் பங்கைப் பிரிக்கலாமா? ரெண்டு தரத்தோட மைக்கு நின்னுபோச்சு. மூணு தரம் கேக்கட்டும்னு உக்காந்திருக்கேன்."

சூசை அப்படியே மணலில் சரிந்து அழுதுவிட்டார். சூசையோடு படகையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஊரே கூடிப் பயந்தது. சப்-இன்ஸ்பெக்டர் பொட்டலங்களை எல்லார் முன்னாலும் மூடி முத்திரை வைத்தார். "கடத்துறவன் மைக் போட்டு ஏலம் விடுவானா? சாட்சியா வந்து சொல்லுங்க, போதும்" என்றார். எனக்கே கைதட்டத் தோன்றியது.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் பார்சல் வந்தால், கொண்டுவந்தவர் படியிறங்குவதற்குள் பிரித்துவிடுவோம். ஜீப் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால், இன்று சாயங்காலம் அந்த வெள்ளைத் துகளையும் சீனத் தேயிலை என்றே நம்பி நானே அடுப்பைப் பற்றவைத்து, முதல் டம்ளரை என் மகளிடம் நீட்டியிருப்பேன்.