தனக்கோடி சைக்கிளில் பாய் கட்டிய கதை

எங்கள் ஏரிக்கரைத் தோணிரேவில் வந்து தனக்கோடி வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். வாந்தி தனக்கோடி என்று கேளுங்கள், கை நீட்டிக் காட்டுவார்கள். என் கூடப் பிறந்த தம்பி. ஏரியில் எப்பேர்ப்பட்ட காற்று அடித்தாலும் படகில் நின்றபடியே சோறு தின்பான். பஸ்ஸில் ஏற்றினால் பக்கத்தில் இருக்கிற திருப்பாலைவனம் வருவதற்குள் தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் எங்கே போனாலும் அவனுக்கு சைக்கிள்தான். பெண் பார்க்கப் போனதும் சைக்கிளில்தான்.

அவன் மகள் இளவரசியை ஊத்துக்கோட்டைக்கு அந்தாண்ட ஒரு ஊரில் கொடுத்திருக்கிறோம். நெல் விளைகிற ஊர், நல்ல ஜனம், ஏரி மட்டும் கிடையாது. தாய் இல்லாத பொண்ணு, நான் தூக்கி வளர்த்தது. வயிற்றில் ஏழு மாசம், எதைத் தின்றாலும் இறங்கவில்லை. "நைனா, நம்ம ஏரி நண்டு இருந்தா ஒரு வாய் சோறு துன்னுவேன்" என்று போனில் அழுதாள்.

அவ்வளவுதான், வளைகாப்புக்கு உயிரோடு நண்டு கொண்டுபோகிறேன் என்று தம்பி கிளம்பிவிட்டான். செத்த நண்டை நாங்கள் சட்டியில் போடமாட்டோம்.

"கூடையை எங்கிட்ட குடுடா, பஸ்ல எடுத்தாறேன்" என்றேன்.

"போன வாட்டி இறா எடுத்துக்கினு போனியே, கூடையோட உன்னையும் சேத்து எறக்கி வுட்டான். மறந்துட்டியாக்கா?"

அந்த கண்டக்டர் பேச்சை எடுத்தால் எனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே எடுத்தான்.

சேற்றில் கைவிட்டுத் துழாவி, நல்ல கனமான பச்சை நண்டாகப் பிடித்தான். ஒவ்வொன்றுக்கும் கொடுக்கை மடக்கி நைலான் சரடால் கட்டினான். கட்டாத நண்டு பக்கத்து நண்டின் காலை உடைத்துவிடும், விரல் கிடைத்தால் விரலையும் விடாது. ஈரச் சாக்கு போட்டு மூடி, கூடையைக் கேரியரில் ஏற்றி, விடியுமுன்னே மிதித்துவிட்டான். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். வழியில் நடந்ததெல்லாம் அவனே பிறகு சொன்னதுதான்.

பொன்னேரி தாண்டியதும் மழை பிடித்தது. கூடவே பின் டயர் வெடித்து வாயைப் பிளந்தது. பஞ்சர் கடைக்காரன் மழைக்குக் கடையை மூடிவிட்டுப் போயிருந்தான். தம்பி என்ன செய்தான்? ஒரு நண்டின் கட்டை அவிழ்த்து, அந்தச் சரடால் டயரைச் சுற்றிக் கட்டினான். போதவில்லை, இன்னொரு நண்டு. இப்போது பிரேக் கட்டை சரடில் மாட்டி சக்கரம் சுற்றவில்லை. பிரேக்கைக் கழற்றி ஜோபியில் போட்டுக்கொண்டான்.

"பிரேக் இல்லாம எப்பிட்றா போன?" என்று கேட்டேன்.

"படகுல இன்னாக்கா, பிரேக்கா கீது?"

கொஞ்ச தூரம் போனால் பெடல் கழன்று தொங்கியது. அதற்கு ரெண்டு நண்டு. பெரியபாளையம் தாண்டியதும் கிழக்கே இருந்து கொண்டல் காற்று முதுகில் மோத ஆரம்பித்தது. எவனாக இருந்தாலும் ஒதுங்கி நிற்பான். இவனுக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு நல்ல காற்று வீணாகப் போகிறதே! வேலியில் கிடந்த மூங்கிலை எடுத்து சைக்கிளில் நட்டான். மழைக்குப் போர்த்தியிருந்த தார்ப்பாயை அவிழ்த்துப் பாய் விரித்தான். பாய் கட்ட எவ்வளவு கயிறு வேண்டும், சொல்லுங்கள்? மிச்சமிருந்த நண்டுக்கெல்லாம் விடுதலை.

போனான் பாருங்கள், பெடலில் கால் வைக்காமலே. லாரிக்காரனெல்லாம் ஒதுங்கி வழி விட்டானாம். ஒரு வளைவு வந்தது. சைக்கிள் நேராக வயலில் இறங்கிவிட்டது. கூடை மட்டும் தலைக்கு மேலே, ஆள் முழங்கால் சேற்றில்.

வயல்காரர் குடையோடு ஓடி வந்தார். "யோவ், ரோடு அங்க கீது. இங்க இன்னா பண்ற?"

"ரோடு திரும்பிச்சிங்க. காத்து திரும்பல."

அதற்கப்புறம் மீதி தூரம் தள்ளிக்கொண்டே வந்தான். இளவரசிக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் சேற்று உருவம் ஒன்று கூடையோடு நின்றது.

சம்பந்தியம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அண்ணன் சீர்வரிசையோட வந்துட்டாரு!" என்று கூடையை வாங்கி நடுக்கூடத்தில் வைத்து, சாக்கை இழுத்தார். பழம் என்று நினைத்திருப்பார் போல.

"தொறக்காதீங்..." என்றான் தம்பி. மூச்சு வாங்கியதில் மீதி வரவில்லை.

நாள் முழுக்க மழையில் நனைந்த நண்டுகள் கும்மென்று இருந்தன. கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நாலு பக்கமும் ஓடின. வந்திருந்த பெண்கள் ஜன்னல் திட்டில் ஏறினார்கள். சம்பந்தியம்மா பீரோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐயோ, என் சுண்டுவிரலு!" என்று கத்தினார். நண்டு அவர் பக்கமே போகவில்லை.

எங்கள் இளவரசி மணையை விட்டு எழுந்தாள். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குந்தினாள். மறு கையால், வளையல் குலுங்க, பின்பக்கமாக முதுகை அமுக்கி ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூடையில் போட்டாள். "நைனா, கட்டு எங்க?" என்றாள்.

"சைக்கிள்ல கீதும்மா."

அவள் சிரித்த சிரிப்பில் சம்பந்தியம்மாவும் பீரோவை விட்டார். எல்லாம் உயிரோடு இருந்தது. நானே குழம்பு வைத்தேன். ரெண்டு தட்டு சோறு தின்றாள், மூன்றாவதுக்குக் கை நீட்டினாள். "உடம்புக்குச் சூடு, போதும்" என்று தடுத்த சம்பந்தியம்மாவே, கொஞ்ச நேரத்தில் கொடுக்கை உடைத்து அவள் தட்டில் வைத்தார்.

மறுநாள் ஊர் திரும்ப எதிர்க்காற்று. சைக்கிளோடு நெல் லாரியில் ஏறினான். லாரிக்காரனிடம் பாலித்தீன் பை கேட்டு வாங்கித் தம்பி கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறினேன்.