எட்டாவது கேள்வி

அந்தப் படிவத்துக்கு ஸ்டென்சில் அடித்ததே நான்தான். எழுபதுகளின் தொடக்கம், நந்தனத்தில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். அதுவரை ஊழியர்களின் வைத்தியச் செலவை மட்டும் கம்பெனி ஓரளவு கொடுத்துவந்தது. இப்போது குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவ இன்சூரன்ஸ் என்றார்கள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேரலாம். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். என் இரண்டு வயது மகளுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். சேர்ந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தபடியே அடித்துக்கொண்டு போனேன். எட்டாவது கேள்வியில் விரல் நின்றது. குடும்பத்தில் யாருக்காவது காசநோய், இதயநோய், வலிப்பு உண்டா?

என் கணவருக்கு வலிப்பு இருந்தது.

கல்யாணமான மூன்றாம் மாதம்தான் எனக்கே தெரியும். மயிலாப்பூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த போர்ஷனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். கைகால் வெட்டி இழுத்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. முதலில் போய்க் கதவைச் சாத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. தெளிந்ததும் அவர் என் முகத்தைப் பார்க்காமல், "சின்னப் புள்ளையிலேருந்து இருக்கு. சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு வீட்டுல மறைச்சிட்டாங்க" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதன்பிறகு நானும் சேர்ந்து மறைக்கத் தொடங்கினேன்.

அவர் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருந்தார். முதலாளி அவருடைய ஊர்ப் பக்கத்துக்காரர். விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு. வைத்தியம் என்று இருந்தது, ஊரிலிருந்து மந்திரித்து வந்த ஒரு கயிறு மட்டும்தான்.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அவரிடம் காட்டினேன்.

"இல்லைன்னு எழுது" என்றார்.

"பின்னாடி தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? உங்க ஆபீசர் எங்க கடைக்கு வர்ற மனுஷன். மகளுக்குக் கல்யாணம்னு பட்டு பார்த்துக்கிட்டிருக்காரு. அவரு கையில இதை எழுதிக் குடுக்கச் சொல்லுதியா?"

அவர் சொன்ன ஆபீசர், எங்கள் ஊழியர் நல அதிகாரி. படிவங்களை வாங்கிப் பார்ப்பது அவர்தான்.

ஒரு வாரம் அந்தக் காகிதம் என் கைப்பையில் மடிந்து கிடந்தது. பஸ்ஸில் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், யாரோ பிடுங்கிப் படித்துவிடப் போகிற மாதிரி. கடைசி நாளுக்கு முந்தின நாள் பியூன் வந்து மேஜை பக்கத்தில் நின்றார்.

"இன்னாம்மா, எல்லாரும் குட்த்துட்டாங்க. உன்னுது மட்டும்தான் பாக்கி கீது. சார் கேட்டுக்கினே கீறாரு."

நானே எழுந்து அதிகாரியின் அறைக்குப் போனேன். நேராகக் கேட்கத் துணிவில்லை. "எட்டாவது கேள்விக்குத் தெரியாம தப்பா எழுதிட்டா என்ன சார் ஆகும்?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒருத்தரைப் பத்திப் பொய் எழுதினா, குடும்பத்துக்கே கிடையாதுன்னுடுவான். குழந்தைக்கு ஒண்ணுன்னாலும் தரமாட்டான். நீயே டைப் அடிச்சிருக்கியேம்மா, கீழே கடைசி வரியில."

அடித்திருக்கிறேன். அடித்தபோது படிக்கவில்லை.

இருக்கைக்குத் திரும்பி, 'உண்டு' என்றும் யாருக்கு என்றும் எழுதி, மறுபடி வாசிக்காமல் கொடுத்துவிட்டேன். அன்று மாலை கணவர் வந்ததும் சாப்பாடு போட்டேன். சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. பத்தாம் நாள் கடிதம் வந்தது. கணவரைக் கம்பெனி டாக்டர் பரிசோதிக்க வேண்டுமாம். அடையாறில் அவருடைய கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

கடிதத்தை அவர் படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார். எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். வந்ததும், "என்னைக்குப் போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு அவரிடம், "என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

அவர் கையை நீட்டிக் கயிற்றைக் காட்டினார்.

"மாத்திரை?"

"இதுக்கு மாத்திரை இருக்கா?"

டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு என்னிடம், இழுக்கும்போது என்ன செய்வேன் என்று கேட்டார். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பேன் என்றேன். "அது வேண்டாம். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தலை அடிபடாம பாத்துக்குங்க, போதும்." மாத்திரை எழுதித் தந்து, தினமும் சாப்பிட வேண்டும், நின்றுவிட்டதென்று தானாக நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். கடைசியாக, "கடையில உயரமா எதுலயாவது ஏறுவீங்களா?" என்றார்.

"ஏணியில ஏறித்தான் மேல் அலமாரிச் சேலையெல்லாம் எடுக்கணும்" என்றார் அவர். அதுவரை எனக்கு அது தெரியாது.

இன்சூரன்ஸ் முடிவு அடுத்த மாதம் வந்தது. எனக்கும் மகளுக்கும் உண்டு. அவருக்கும் உண்டு, வலிப்பு நீங்கலாக. எதை எழுதப் பயந்தோமோ அதற்கு மட்டும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அவர்தான், "மாத்திரை கிடைச்சுதுல்ல" என்றார்.

அதிகாரி மகளின் கல்யாணப் பட்டெடுக்கக் குடும்பத்தோடு கடைக்குப் போனார். அன்று முழுக்க எனக்கு டைப்பில் பிழையாக விழுந்தது. மாலையில் கணவர் வந்து சொன்னார்: "அரக்கு வேணும்னாரு, மயில்கழுத்து வேணும்னாரு, ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாரு. வேற ஒரு வார்த்தை பேசல."

மாத்திரை தொடங்கிய பிறகு எட்டு மாதம் ஒன்றும் வரவில்லை. ஒன்பதாம் மாதம் ஒரு முறை, வீட்டில், வந்தது. முந்தின நாள் மாத்திரையை மறந்திருந்தார். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். இந்தத் தடவை கதவைச் சாத்தத் தோன்றவில்லை. பக்கத்துப் போர்ஷன் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் என் மகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் அவர் கடையில் தன்னோடு வேலை செய்தவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். முதலாளியிடம் இல்லை, அந்த ஒருவரிடம் மட்டும். "இதை முன்னாலேயே சொல்லக் கூடாதா அண்ணாச்சி? கீழ நின்னு விரிச்சுக் காட்டுங்க, ஏணியில நான் ஏறிக்கிடுதேன்" என்றாராம் அவர்.

அதைச் சொல்லிவிட்டுக் கணவர் சாப்பிட உட்கார்ந்தார். நான் மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துவந்து நீட்டினேன்.