ஏழு முறை அலசிய சட்டை

காலை ஏழரை மணிக்குப் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து ஆவடி வழியாக வேப்பம்பட்டுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் சொச்சம் இருக்கும். ஊர் சுற்றிப் பார்க்க யாரும் இந்தச் சாலையில் போவதில்லை. நான் போனது ஒரு நாயைச் சாப்பிட வைக்க.

நாயின் பெயர் சிப்பாய். பாடியில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த இரும்புக் குழாய்க் கிடங்கின் காவல் நாய். அதை வளர்த்துப் பழக்கியவர் அங்கே வாட்ச்மேனாக இருந்த சலீம் பாய். அதற்கு முன்பிருந்த நாயைக் குழாய் திருட வந்தவர்கள் விஷம் வைத்த கறியைப் போட்டுக் கொன்றுவிட்டார்கள். அதனால் சிப்பாயைத் தன் கையால் தவிர வேறு யார் கையாலும் தின்னாதபடி பழக்கினார் பாய். அந்தப் பாடத்தில் திருடன் வேஷம் எனக்கு. தினமும் நாலு மணிக்கு டீ குடித்த கையோடு, உள்ளே மிளகாய்த்தூள் அடைத்த கோழித்துண்டை நான் வீச வேண்டும். ஆறு மாதத்தில் என்னைக் கண்டாலே அது முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கற்றுக்கொண்டது. "பாஸ் ஆயிட்டான் சார்" என்று பாய் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கிடங்கை மூடியபோது நாய் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. பாய் அதை வேப்பம்பட்டில் ஆடு வளர்க்கும் அந்தோணியிடம் சேர்த்தார். கைமாற்ற ஒரு மாதமாவது ஆகும் என்று கணக்குப் போட்டு, தினமும் மொபெட்டில் போய்வந்தார். முதலில் அவரே தட்டு வைப்பார், அந்தோணி பக்கத்தில் நிற்பார். பிறகு இருவரும் சேர்ந்து தட்டைப் பிடிப்பார்கள். கடைசியில் அந்தோணி மட்டும். சேர்ந்து பிடிக்கும் கட்டத்தில், ஒரு காலையில் பாய்க்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நான் போன அன்று ஏழாம் நாள். அதுவரை சிப்பாய் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

பாயின் வாசம் பட்டால் தின்னும் என்று அவருடைய டியூட்டி சட்டையைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்பது என் யோசனை. நாய் பட்ட துணியோடு தொழக் கூடாது என்று அந்தக் காக்கிச் சட்டையை அவர் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோக மாட்டார். வாசலில் ஆணியில் மாட்டிவிட்டுக் குளித்த பிறகுதான் உள்ளே போவார். சட்டை வேண்டும் என்று முந்தின இரவே போனில் கேட்டிருந்தேன்.

எட்டு மணிக்குப் பூந்தமல்லியிலேயே இருந்த அவர் வீட்டு வாசலில் நின்றேன். மகன் ரஃபீக் ஒரு பையைக் கொடுத்தான். பாயின் மனைவி நூர்ஜஹான், கணவர் இறந்ததால் பிற ஆண்கள் முன் வராத இத்தா இருப்பதால் வெளியே வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"அண்ணே, நாய் பட்ட துணிய அப்படியே ஒருத்தர் கையில எப்படிக் குடுக்கிறது? ராத்திரியே மார்க்க முறைப்படி மண்ணு போட்டு ஒரு தடவ, அப்புறம் ஆறு தடவ, மொத்தம் ஏழு தடவ அலசிட்டேன். டெட்டால் கூட ஊத்தியிருக்கு. காஞ்சதும் அயர்ன் போட்டு வெச்சிருக்கேன். தைரியமா எடுத்துட்டுப் போங்க."

பைக்குள் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. சோப்புத்தூள் வாசனை குப்பென்று வந்தது. "நல்லதும்மா" என்றேன்.

ரஃபீக் அப்பாவின் மொபெட்டின் மேலிருந்த உறையை எடுத்தான். "அத்தா போனதுல இருந்து யாரும் தொடல சார். இன்னிக்கு எனக்கு அம்பத்தூர்ல புது வேலை, முதல் நாள். மூணு மணி ஷிப்டு. ரெண்டு மணிக்கு வண்டி வந்துட்டா போதும்."

நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சென்னீர்குப்பத்தில் லாரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் போயிற்று. பகலிலும் வண்டிகளின் விளக்குகள் எரிய, நெடுஞ்சாலைப் புழுதி மூக்கில் ஏறியது. காடுவெட்டிப் பாலத்துக்குக் கீழே கூவம் கறுத்துத் தேங்கிக் கிடந்தது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்காரர்கள் கழுத்துப்பட்டை போட்ட நாய்களோடு போனார்கள். பிஸ்கட்டை யார் நீட்டினாலும் வாலாட்டி வாங்கும் அதிர்ஷ்டசாலிகள். அவற்றைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒன்பதரைக்குப் பட்டாபிராமில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். டீ பன்னிரண்டு ரூபாய். கடைக்கார அம்மாள் என்னைப் பார்க்காமல் வண்டியையே பார்த்தார்.

"இது பாய் வண்டி தானே? ஒரு வாரமா ஆளையே காணோமே, எங்க பூட்டாரு?"

சொன்னேன். கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. "தெனம் டீ குடிச்சிட்டு, பக்கத்துக் கடையில கோழிக்கால் வாங்கினு போவாரு. இன்னாத்துக்கு பாய்னு கேட்டா, என் புள்ளைக்குன்னுவாரு." டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பக்கத்துக் கடையில் முப்பது ரூபாய்க்குக் கோழிக்கால் வாங்கிக்கொண்டேன்.

நெமிலிச்சேரி, திருநின்றவூர் தாண்டி வேப்பம்பட்டு ஸ்டேஷனை அடைந்தபோது மணி பத்தேகால். ஸ்டேஷனிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். எல்லைக்கல் நட்ட காலி மனைகள், முள், பிளாஸ்டிக் பைகள். விற்ற மனையில் வீடு எழும்பும்வரை அந்தோணியின் பதினெட்டு ஆடுகள் மேயும். கடைசித் திருப்பத்தில் பட்டி தெரிந்தது. சிப்பாய் நின்றுகொண்டிருந்தது.

அந்தோணி ஓடி வந்தார். "சார், இன்னா சார் இது! நாலு நாளா படுத்த எடத்த வுட்டு அசையல. வண்டி சத்தம் தூரத்துல கேக்கும்போதே எழுந்து நின்னுச்சு சார்!"

விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. காதைத் தூக்கி, வாலை ஆட்டிக்கொண்டே கேட்வரை வந்தது. நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். வால் நின்றது. கிடங்கில் தினமும் நாலு மணிக்குச் செய்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக நான் எங்கேயும் நின்றதில்லை.

சட்டையை விரித்துக் காட்டினோம். ஒருமுறை முகர்ந்து தும்மியது, அவ்வளவுதான். அந்தோணி அதைப் போட்டுக்கொண்டு தட்டை நீட்டினார். பிரயோஜனமில்லை. சட்டையை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"போன மாசம் கார்ல வந்து ரெண்டு ஆட்ட தூக்கினு பூட்டானுங்கோ. அதுக்கோசரம்தான் இத்த வாங்கினேன். இப்ப ஆடு போனாக்கூட பரவால்ல சார், இது கண்ணு முன்னாடி சாவுது, பாக்க முடில" என்றார். அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் சிப்பாய் மொபெட்டிடம் போயிருந்தது. முன் காலை மிதிபலகையில் ஊன்றி, கைப்பிடியின் இடதுபக்க ரப்பரை முகர்ந்தது. பிறகு நக்கியது. வெகுநேரம் அதை விடவில்லை. பாயின் உள்ளங்கை வியர்வை எத்தனை வருஷமாக ஊறிய ரப்பர்! நூர்ஜஹான் தங்கச்சியின் கைக்கு அது மட்டும் தப்பியிருந்தது.

தட்டைக் கைப்பிடிக்கு நேர் கீழே வைத்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்தோம். இருபது நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு வாய் எடுத்தது. தலையைத் தூக்கி கேட்டைப் பார்த்தது. இன்னொரு வாய். மறுபடி கேட். அப்படி நாலே வாய். அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டார்.

மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. ரஃபீக்கின் முதல் நாள் வேலை. வண்டியை விட்டுவிட்டுப் போக எனக்கு உரிமையில்லை. எடுத்துக்கொண்டு போகவும் மனமில்லை. கடைசியில் அந்தோணி கட்டிங் பிளேயரை எடுத்து வந்து, இடதுபக்க ரப்பரை மெல்லத் திருகி உருவினார். தட்டு வைக்கும் இடத்துக்கு மேலே, கம்பத்தில் கம்பி போட்டுக் கட்டினார்.

நான் கிளம்பியதும் சிப்பாய் பின்னாலேயே ஓடிவந்தது. என் பின்னால் இல்லை, அந்த எஞ்சின் சத்தத்துக்குப் பின்னால். மூன்றாவது எல்லைக்கல் வரை ஓடியது. அதற்கு மேல் கால் வரவில்லை. கண்ணாடியில் அது உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஹெல்மெட்டுக்குள் என் முகத்தைத்தானே பார்க்கும்.

திரும்பும் வழி முழுக்க இடது உள்ளங்கையில் வெறும் இரும்பு சுட்டது. ரப்பரில் வாசம் எத்தனை நாள் தங்கும், அதற்குள் அந்தோணியின் கை சிப்பாய்க்குப் பழகுமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பட்டாபிராம் டீக்கடையைப் பார்க்காதமாதிரி கடந்தேன். பூந்தமல்லி வந்தபோது இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

ரஃபீக் மொட்டைக் கைப்பிடியைப் பார்த்தான். நடந்ததைத் தணிந்த குரலில் சொன்னேன். தன் கைக்குட்டையை எடுத்து அதன்மேல் சுற்றி முடிச்சுப் போட்டான்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அண்ணே, சாப்டுச்சா?"

"சாப்பிட்டுதும்மா. நாலு வாய்."

"சட்டை அடையாளம் தெரிஞ்சுதா?"

ரஃபீக் என் முகத்தைப் பார்த்தான். "தெரிஞ்சுதும்மா" என்றேன்.

பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார். "ஏழு தடவ அலசியும் அவரு வாசம் போகலியாண்ணே?"

"போகலம்மா."

"வீட்ல இருந்த எல்லாத்தையும் தொவச்சிட்டேன். தலகாணி உறை கூட. ஒண்ணுலயும் இல்ல." குரல் உடைந்தது. "நாய்தான் சாப்பிட ஆரம்பிச்சிடுச்சே, இனிமே அதுக்கு எதுக்கு? சட்டையக் குடுத்துடுங்கண்ணே."

பையை ரஃபீக்கிடம் கொடுத்தேன். அவன் திரையை விலக்காமல் அதற்கடியில் நீட்டினான். பை பிரியும் சத்தம் கேட்டது. சோப்புத்தூள் வாசனை திரையைத் தாண்டி வந்தது. சொல்லிக்கொள்ளாமலேயே பாடிக்குப் பஸ் ஏறப் போனேன்.