முதலில் நிற்கத் தெரிய வேண்டும்

காருக்கு அடியிலிருந்து அஞ்சலினாவின் கை மட்டும் வெளியே நீள்கிறது. "துணி!" ஹஸ்மி பழைய சாரத்துண்டு ஒன்றைக் கொடுக்கிறார். அது கறுத்துத் திரும்பி வருகிறது.

"இன்னும் இருக்கு காக்கா. ஒரு பொட்டு கிரீஸும் இருக்கக் கூடாது."

"நான் பூசினதை மையத்தாகி மண்ணுக்குள்ள போகும் வரைக்கும் சொல்லிக் காட்டுவா," என்று ஹஸ்மி என்னிடம் முறையிடுகிறார்.

அஞ்சலினா கிழக்குக் கரையில், அன்புவழிபுரத்தில் கார் ஓட்டப் பழக்குபவர். கிழமை முழுவதும் பக்கத்து இருக்கையிலிருந்து "மெதுவா, மெதுவா" என்பதுதான் தொழில். பிரேக்கை மிதித்துப் பார்க்காமல், என்னைப் போல அவரிடம் பழகும் எவரும் சாவியைத் திருப்ப முடியாது. "ஓடுறது பிறகு. முதல்ல நிக்கத் தெரியோணும்." அவருடைய சொந்தக் காரோ முப்பது வயது தாண்டிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கைகள், பொத்தானை அழுத்தினால் முன்விளக்குகள் உள்ளிருந்து எழும். பந்தயத் தடத்தை எல்லோருக்கும் திறந்துவிடும் நாட்களில், தீவைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்குப் போய்விடுவார். அங்கும் வளைவுகளில் சிக்னல் போடுவார். பழக்கம்.

ஹஸ்மி துறைமுகத்தில் படகு எஞ்சின் பார்ப்பவர். உப்புக் காற்று இரும்பைத் தின்னாமலிருக்க எதற்கும் கிரீஸ் பூசுவது அவர் வழக்கம். படகென்றே நினைத்தாரோ என்னவோ, போன வருடம் காரின் அடி முழுக்கப் பூசிவிட்டார். தடத்தில் அது சூட்டில் உருகிப் புகைக்குழாயில் வழிய, காரே தெரியாத அளவுக்கு வெண்புகை. வளைவில் நின்ற கொடிக்காரர் கறுப்புக் கொடி காட்டி நிறுத்தினார். சில்லைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது: பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய் பழசாகி, வீங்கி வெடிப்புவிட்டிருந்தது. இன்னொரு முறை அழுத்தி மிதித்திருந்தால் கார் நின்றிராது.

"காக்கா பூசாட்டிப் புகை இல்லை. அந்த மனிசன் பாக்காட்டி நான் இல்லை," என்கிறார் அஞ்சலினா. அன்று கொடிக்காரருக்கு நன்றி சொல்லாமலே திரும்பிவிட்டாராம்.

கணவர் யோசேப் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த முறையும் இடையில நிண்டால் வித்துப்போடுவம்." அஞ்சலினாவும் "ஓம்" என்றுவிட்டார்.

அதனால் குழாய்கள் எல்லாம் புதிது. கடுஞ்சூடு தாங்கும் பிரேக் எண்ணெய் மாற்றியாயிற்று. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, சில்லு நட்டுகளை அஞ்சலினா தன் கையாலேயே இறுக்கினார். கடைசியாக, உப்பேறி எழும்ப மறுத்த இடது விளக்கை ஹஸ்மிக்குக் காட்டினார்.

"பகல்ல ஓடுற காருக்கு லைட் என்னத்துக்கு புள்ள?"

"தேவை இருக்கு காக்கா."

ஞாயிற்றுக்கிழமை தடத்தின் வேலியோரம் யோசேப் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"புகை வருதோ?"

"இல்லை."

"வடிவாப் பாருங்கோ."

சிவப்புக் கார் வளைவுக்கு வந்தது, சிக்னல் போட்டது, பிரேக் பிடித்தது, திரும்பியது. அடுத்த சுற்றிலும் அப்படியே. சுற்றுகள் முடிந்ததற்கான கட்டக்கொடி அசைந்தபோதுதான் யோசேப் என் கையை விட்டார்.

கார் வேகம் குறைந்து வளைவுக்கு வந்தது. போன வருடத்துக் கொடிக்காரர் அதே இடத்தில், கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு நேரே வந்ததும், உச்சி வெயிலில், இரண்டு முன்விளக்குகளும் மெல்ல எழுந்து, மெல்லத் தாழ்ந்தன.