உச்சந்தலையில் விழுந்த பல்லி

அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் பரபரப்பே வராத காலம் அது. அப்பாவின் ஒரே தங்கை. எத்தனையோ பேர் வந்து காராபூந்தி தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். அத்தையும் அலுப்போடுதான் தலை பின்னிக்கொள்வாள். நான் பக்கத்தில் பூவை வைத்துக்கொண்டு நிற்பேன்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டிக் கால்வாய் ஓடியது. விளக்கு போட்டதும் அதிலிருந்து பூச்சிகள் கிளம்பி வந்து பல்பைச் சுற்றும். பல்லிகள் சுவரில் காத்திருந்து பிடிக்கும். பக்கத்தில் புதிதாக ஒரு தொழிற்சாலை வந்த பிறகு, கால்வாய்த் தண்ணீர் ஒருநாள் பச்சையாகவும் ஒருநாள் துரு நிறத்திலும் ஓடியது. பூச்சிகள் குறைந்தன. வந்தவற்றைத் தின்ற பல்லிகளும் வால் சூம்பி, பிடி தளர்ந்து, பொத்துப் பொத்தென்று விழுந்தன. அம்மா காலையில் அவற்றைக் குப்பையோடு கூட்டித் தள்ளிவிடுவாள்.

வியாசர்பாடியிலிருந்து வந்தவர்களுக்கு அத்தையைப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. அவர் அத்தையைப் பார்த்துச் சிரித்தார். அத்தை தலைகுனிய மறந்துபோனாள். "தை மாசம் வச்சிக்கலாம்" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி வாய் மூடவில்லை, கூரையிலிருந்து ஒரு பல்லி அந்த அம்மாளின் உச்சந்தலையில் விழுந்தது. அங்கிருந்து மடிக்கு நழுவி மல்லாந்து கிடந்தது. அசையவில்லை.

"இன்னாம்மா இது! தலைல வுய்ந்தா சாவாச்சே! எந்திரு நைனா, போலாம்" என்று மகனைக் கிளப்பினாள்.

இரவு ஷிப்ட் முடித்து, தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருந்த அப்பா தெருமுனைவரை பின்னாலேயே போனார். "பல்லி இன்னாம்மா பண்ணும்?" என்று கேட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதோடு சரி.

அத்தை பூவை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு டம்ளர் கழுவ உட்கார்ந்தாள். பல்லியைக் காகிதத்தில் ஏந்திப்போய், "இதுக்கு இன்னாத்தே ஆச்சு?" என்றேன்.

"எலும்பா கீது பாரு, பாவம். அதச் சொல்லி இன்னா பண்றது? நம்ம வூட்டு ராசி."

அதன் பிறகு அவளைப் பார்க்க யாரும் வரவில்லை. பல வருஷம் கழித்து அத்தை இறந்தபோது துக்கம் கேட்க வந்த அடுத்த வீட்டு அம்மாள், "எங்க வூட்லயுந்தான் அப்ப பல்லி வுய்ந்துகினே இருந்திச்சி. மாமியா வெளிய சொல்லக்கூடாதுன்ட்டா" என்றாள். விசாரித்தால், கரையோரம் எல்லா வீட்டிலும் அதே கதை. ஒவ்வொரு வீடும் தன் ராசி என்றே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

வியாசர்பாடிக்காரர்கள் எழுந்து போன அன்று எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? தாகத்தில்தான் பல்லிகள் சாகின்றன என்று நினைத்தேன். இனி ஒன்றும் விழக்கூடாது, அத்தைக்குக் கல்யாணம் ஆக வேண்டும். கொட்டாங்கச்சியோடு கரையில் இறங்கி, நுரையை ஒதுக்கி, தெளிவாக இருந்த இடமாகப் பார்த்துக் கால்வாய்த் தண்ணீரை மொண்டுவந்து சுவரடியில் வைத்தேன்.