ஜன்னலோர சீட்டும் மூன்றாவது கிளிக்கும்

ஓசூர் சிப்காட்டில் ஒரு வால்வு கம்பெனியில் மணிவேல் தர ஆய்வாளர். தலைமுடி அளவு பிசகினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, மறுபடி சரிசெய்ய வேண்டியவை கிடக்கும் ரீவொர்க் மூலையில் தள்ளிவிடுவார். அவர் சர்வீஸில் அவர் கண்ணுக்குத் தப்பி வளர்ந்தது அவருடைய வயிறு மட்டும்தான்.

டாக்டர் சர்க்கரை என்றதும் கியர் சைக்கிள் வாங்கினார். வாங்கிய சூட்டோடு ஒரு தியாகமும் செய்தார். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு, எத்தனை வருஷ சர்வீஸ் என்று பார்த்துக் கிடைப்பது. அதை எல்லோருக்கும் கேட்கும்படி ஜூனியர் முத்துக்குமாருக்குத் தாரைவார்த்தார்.

"நீ உட்காருப்பா. எனக்கு இனிமே இந்த பஸ்ஸே வேணாம்."

விட்ட சீட்டைத் திரும்பக் கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது.

சைக்கிளில் பெடல் பக்கம் மூன்று பல்சக்கரங்கள். இரண்டு போதும், எடை குறையும் என்றது ஒரு வீடியோ. இரண்டு சக்கர செட்டை வரவழைத்துத் தானே மாட்டினார். செயினைத் தள்ளும் டீரெய்லரையும், அதை நகர்த்த இடது கைப்பிடியில் இருக்கும் ஷிஃப்டரையும் பழையபடியே விட்டுவிட்டார். டீரெய்லருக்கும் பல்லுக்கும் இருந்த இடைவெளியைக் கம்பெனி கேஜ் வைத்து அளந்தார். கச்சிதம். பச்சை ஓ.கே. ஸ்டிக்கர் ஒட்டினார்.

மறுநாள் மேம்பாலம் ஏறும்போது செயின் கழன்றது. பக்கத்தில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

பாகலூர் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஜமீர் அகமது, ஸ்டிக்கரை மரியாதையோடு படித்துவிட்டுச் சொன்னார்: "சார், ஷிஃப்டர் மூணு கிளிக் அடிக்குது. சக்கரம் ரெண்டுதான் கீது. மூணாவது கிளிக்குக்கு செயின் எங்க போவும்? ரோட்டுக்குத்தான் போவும்."

"அவ்வளவு தூரம் போவாதபடி டீரெய்லர் ஸ்க்ரூவ டைட் பண்ணு பாய்."

"பண்ணா ஷிஃப்டர் லிவர் இறுகிக்கும்."

பண்ணினார், இறுகிக்கொண்டது. தளர்த்தினார், கழன்றது. பெரிய சக்கரத்துக்கென்று வளைத்த டீரெய்லர் தகடு, சின்ன சக்கரத்தின்மேல் பிள்ளை போட்ட அப்பன் சட்டைபோல் தொங்கியது.

"டீரெய்லர், ஷிஃப்டர் ரெண்டையும் மாத்தணும் சார். பார்ட்ஸ் எப்ப வரும்னு எனக்கே தெரியாது. பழைய செட்டு இருந்தா கொண்டாங்க, இப்பவே பழையபடி ஆக்கிடலாம்."

பழைய செட்டை மனைவி லாவண்யா இரும்புக்காரனிடம் போட்டு வெங்காயம் வாங்கியிருந்தாள். அந்த வெங்காயம் சாம்பார் வழியாக மணிவேலின் வயிற்றுக்கே வந்து சேர்ந்திருந்தது.

மறுபடி பஸ் ஏறினார். படிக்குப் பக்கத்தில் நிற்கத்தான் இடம்.

"என்னாண்ணா, சைக்கிள்?" என்றான் ஜன்னலோர முத்துக்குமார்.

"செட்டிங் நடந்துக்கினு இருக்குதுப்பா."

"விடுல," என்றார் பின்சீட்டிலிருந்து திருநெல்வேலிக்காரர் சுடலைமுத்து. "அண்ணாச்சி சைக்கிளு ரீவொர்க்குல கெடக்கு."

பஸ்ஸே சிரித்தது. முத்துக்குமார் எழுந்திருப்பான் என்று மணிவேல் ஒரு கணம் நம்பினார். அவன் கையை மட்டும் நீட்டினான்.

"பையக் குடுங்கண்ணா, மடியில வெச்சிக்கிறேன்."

கொடுத்தார். பஸ் மேம்பாலத்தில் ஏறியது. டிரைவர் கியரைத் தட்டினார். ஒரே தட்டில் அது சொன்ன பேச்சைக் கேட்டது. மணிவேல் மேல்கம்பியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.